டிசம்பரில் பிறந்த பிள்ளை டீமில் இல்லை: காத்திருக்கலாமா, விளையாட்டை மாற்றலாமா, விடுதியில் சேர்க்கலாமா?

பள்ளி திறந்து, பள்ளிகளுக்கு இடையே நடக்கும் ஜோனல் போட்டிகளுக்கு ஆள் எடுக்கும் நேரம் வந்தாலே தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பெற்றோரிடமிருந்து ஒரே மாதிரி கேள்வி வருகிறது. "பையன் நல்லாத்தான் ஆடுறான் சார், ஆனா டீம்ல எடுக்கல. வேற விளையாட்டுல போட்டுடலாமா, இல்ல ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேத்துடலாமா?" பதில் சொல்வதற்கு முன்னால் நான் கேட்பது பிறந்த தேதியைத்தான். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று பதில் வந்தால், பையனிடம் குறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் காலண்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கிறார்கள், கணக்குத் தேதி பொதுவாக ஜனவரி 1. ஆக 2013 ஜனவரியில் பிறந்த பையனும் 2013 டிசம்பரில் பிறந்த பையனும் காகிதத்தில் ஒரே வயது. 12 வயதில் பதினொரு மாதம் என்பது சின்ன இடைவெளி இல்லை. வளர்ச்சி வேகம் பிடிக்காத சாதாரணப் பிள்ளையே வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளரும், வேகம் பிடித்துவிட்டால் 8, 10 செ.மீ. கூட ஏறும். செலக்‌ஷன் அன்று வரிசையில் நிற்க வைத்தால் யார் கண்ணில் படுவார் என்று சொல்லத் தேவையில்லை.

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் கனடாவைச் சேர்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி. 1985இல் அங்கத்து ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை அவரும் உடனிருந்தவர்களும் எண்ணிப் பார்த்தபோது, ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம் இருந்தார்கள். குளிர்காலத்தில் பிறந்தால் ஹாக்கி நன்றாக வருமோ என்று நினைக்க வேண்டாம். 1997இல் கால்பந்தில் கணக்குத் தேதியை ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றினார்கள். பெல்ஜியத்தில் வெர்னர் ஹெல்சன் குழு பார்த்ததில், அதுவரை ஆகஸ்ட், செப்டம்பர் பிள்ளைகளால் நிறைந்திருந்த இளையோர் அணிகளில் அதன்பின் ஜனவரி, பிப்ரவரி பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள். தேதியை மாற்றியதும் 'திறமைசாலிகள்' பிறக்கும் மாதமும் மாறிவிட்டது! எனக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதில் மோசமான பகுதி செலக்‌ஷனுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எடுக்கப்பட்ட பையனுக்கு ஷூ, டிராக் சூட், காலையும் மாலையும் பயிற்சி, வெளியூர் மேட்ச், சாரின் கவனம் எல்லாம் கிடைக்கும். எடுக்கப்படாதவன் பந்து பொறுக்கிப் போடுவான், இல்லை வீட்டுக்குப் போய்விடுவான். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் நடுவே நிஜமாகவே வித்தியாசம் வந்திருக்கும், "அன்னிக்கே தெரிஞ்சுது, இவன்தான் பிளேயர்" என்று எல்லோரும் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளி 14 வயது டீம் பட்டியலை வாங்கி பிறந்த மாதங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரே டீமை வைத்து முடிவுக்கு வர முடியாது, நான்கைந்து வருடப் பட்டியல் கிடைத்தால் சேர்த்து எண்ணுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பெற்றோர் யோசிக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரு விஷயம், பலரும் இதைக் கவனிப்பதில்லை: நம் பிள்ளைகளுக்கு ஒரு காலண்டர் இல்லை, மூன்று இருக்கின்றன. பள்ளிப் போட்டிக்கு ஜனவரி 1. கிரிக்கெட் வாரியத்தின் ஜூனியர் போட்டிகளுக்கு செப்டம்பர் 1. வகுப்புச் சேர்க்கைக்கு ஜூலை 31, அதாவது அந்தத் தேதிக்குள் 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. நவம்பரில் பிறந்த பையன் பள்ளிப் போட்டிகளில் கடைக்குட்டி, ஆனால் அதே பையன் கிரிக்கெட்டில் மூத்தவர்கள் வரிசையில் வந்துவிடுவான், வகுப்பிலும் மூத்தவன்தான். ஜூலையில் பிறந்தவனுக்கு நேர் எதிர். பள்ளிப் போட்டிகளில் நடுவில் இருப்பான், வகுப்பில் அவன்தான் சின்னவன், கிரிக்கெட்டில் ஆகஸ்ட்காரனைத் தவிர அவனுக்கு இளையவன் கிடையாது. எனவே "என் பிள்ளை லேட்டாகப் பிறந்தது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் போட்டிக்கு லேட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேதி விதிகளை ஒவ்வொரு வருடமும் வருகிற சுற்றறிக்கையில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வதும் அவசியம்.

முதல் வழி, அதே விளையாட்டில் அதே இடத்தில் விட்டுவிட்டுக் காத்திருப்பது. என் மனம் பெரும்பாலும் இதன் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. காத்திருக்கும் பிள்ளை ஆடிக்கொண்டே காத்திருக்க வேண்டும். டீமில் பன்னிரண்டாவது ஆளாகப் பேர் எழுதி, ஒவ்வொரு மேட்சுக்கும் பஸ் ஏறிப் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருவதில் பயன் இல்லை. அதைவிட ஊர் கிளப்பில், தெருவில், ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் முழு மேட்ச் ஆடட்டும். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர், 2020 டிசம்பரில் 29 வயதில் இந்தியாவுக்காக ஆடினார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. 14 வயது டீமில் பெயர் வராததோடு கதை முடிந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆராய்ச்சியும் காத்திருப்பவர்கள் பக்கம் கொஞ்சம் பேசுகிறது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் 2013இல் வந்த ஓர் ஆய்வு, கிளப்புகள் ஒவ்வொருவராக வரிசைப்படி ஆள் எடுக்கிற தேர்வில் வருடக் கடைசியில் பிறந்த வீரர்களைப் பின்னால்தான் எடுக்கின்றன, ஆனால் அந்த வரிசையில் எடுத்த இடத்துக்கு மேலாகவே அவர்கள் பிறகு ஆடிக் காட்டுகிறார்கள் என்று சொன்னது. காரணம் என்னவாக இருக்கும்? உடம்பால் ஜெயிக்க முடியாதவன் வேறு எதையாவது கற்றுக்கொண்டுதான் தாக்குப் பிடிக்க வேண்டும். கபடியில் ஆளைத் தூக்கி எறிய முடியாத சின்னப் பையன் கால் நகர்த்தலையும், எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதையும் பழகியிருப்பான். 17 வயதில் உடம்பும் வந்துவிட்டால் அவனைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் தாக்குப் பிடித்து நின்றவர்களைப் பற்றியவை என்பதை மறக்கக் கூடாது. நடுவில் விட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

விட்டுப் போகிற இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பள்ளி அமைப்பில் அது துல்லியமாகத் தெரியும். 2012 டிசம்பரில் பிறந்த பையனுக்கு 14 வயதுப் பிரிவில் கடைசி வருடம் 2025. 2026இல் அவன் 17 வயதுப் பிரிவுக்குப் போய்விடுவான், அங்கே 2010 ஜனவரியில் பிறந்தவனும் இருப்பான். அந்த வருட நடுவில் இவனுக்கு 13½, அவனுக்கு 16½. ஒருவன் இன்னும் குரல் உடையாத பையன், இன்னொருவன் மீசை வந்த ஆள். இந்த முதல் வருடத்தில்தான் பிள்ளைகள் "எனக்கு இது வராது" என்று ஒதுங்குகிறார்கள், பெற்றோரும் பத்தாம் வகுப்பு வருகிறதே என்று நிறுத்திவிடுகிறார்கள். அதே பையன் 2028இல் அந்தப் பிரிவின் மூத்த வருடத்துக்காரன், அவனைவிடப் பெரியவன் என்றால் அதிகபட்சம் பதினொரு மாதம்தான். பிரிவு மாறிய முதல் வருடத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக்கூடக் கேட்பேன்.

முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவே 12 முதல் 19 வயது வரை. ஏழாம் வகுப்புப் பிள்ளை பிளஸ் டூ பிள்ளையோடு மோதி முதல் சுற்றில் தோற்றால் அதில் கற்றுக்கொள்ள அனுபவம் உண்டு, அளந்து பார்க்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது வழி, விளையாட்டை மாற்றுவது. வாலிபாலிலும் கூடைப்பந்திலும் உயரம் முன்னால் நிற்கும், வேகப்பந்து வீச்சிலும் குண்டு எறிதலிலும் உடல்வலு. ஜிம்னாஸ்டிக்ஸில் சின்ன உடம்பு பாரமில்லை, சில சமயம் அனுகூலம்கூட. கோகோ, டேபிள் டென்னிஸ், நீண்ட தூர ஓட்டம் இவற்றிலும் ஆளின் அளவு அவ்வளவு தடையில்லை. ஜூடோ, குத்துச்சண்டை, டேக்வாண்டோ மாதிரி எடைப்பிரிவு உள்ள விளையாட்டுகளில் சம எடைக்காரனோடு மோதலாம். கபடியிலும் சப்-ஜூனியர், ஜூனியர் பிரிவுகளில் எடை வரம்பு உண்டு. அதனால் மாற்றுவது நியாயமான யோசனைதான், பிள்ளைக்கே அந்த விளையாட்டின் மேல் ஆசை இருந்தால். 13 வயதில் குள்ளமாக இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக வாலிபாலை உயிராக நினைக்கும் பையனை டேபிள் டென்னிஸ் மேஜைக்குத் தள்ளினால், 16 வயதில் ஆறடி வளர்ந்து நிற்கும்போது அவன் கேட்கிற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் செ.மீ.இல் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பொண்ணு என்றால் 13 கழித்து, இரண்டால் வகுத்தால் பிள்ளை வளரக்கூடிய உயரம் ஏறக்குறைய கிடைக்கும். நாலைந்து செ.மீ. முன்னே பின்னே போகலாம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். மாற்றுவதற்கு முன் இந்தக் கணக்கையாவது போட்டுப் பாருங்கள்.

விளையாட்டை மாற்றாமல் இடத்தை மாற்றுவதும் ஒரு வழி. வாலிபாலில் இப்போதைக்குப் பின்வரிசையில் பந்தைத் தடுத்தெடுக்கிற லிபரோவாக, மற்றவர் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டராக ஆடட்டும். ஆனால் பயிற்சியில் அட்டாக்கும் பழக வேண்டும், இல்லையென்றால் வளர்ந்த பிறகும் அந்த ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வான். எடைப்பிரிவு பற்றி ஒரு எச்சரிக்கை: கபடி எடை பார்க்கிற முதல் நாள் இரவு சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், கைகால் நடுங்கத் தராசில் ஏறுகிற பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வளர்கிற வயதில் அது தப்பு, எந்த மெடலுக்காகவும் தப்பு. களியும் முட்டையும் கடலையும் வயிறார சாப்பிட்டு மேல் பிரிவில் தோற்கட்டும்.

மூன்றாவது, விளையாட்டு விடுதி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, சீருடை எல்லாம் கிடைக்கிறது. பெங்களூருக்கும் ஓசூர் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போய்விட்டு வாரம் ஒரு தடவை வீடு திரும்புகிற பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதை லேசாக ஒதுக்கிவிட மாட்டேன். சேர்க்கை வகுப்பு வாரியாக நடப்பதால் இங்கே வேலை செய்வது ஜூலை 31 காலண்டர். நவம்பர், டிசம்பரில் பிறந்த பிள்ளை தன் வகுப்பில் மூத்த பாதி, அதனால் ஜோனல் டீமில் இடம் கிடைக்காதவனுக்கும் விடுதித் தேர்வில் வாய்ப்பு இருக்கலாம், கட்டாயம் எழுதிப் போடுங்கள். ஜூன், ஜூலையில் பிறந்து வகுப்பில் கடைக்குட்டியாக இருக்கிற பிள்ளைக்குத்தான் ஏழாம் வகுப்பிலேயே அவசரம் வேண்டாம் என்பேன். ஓட்டம், தாண்டுதல் என்று உடல்திறன் சோதனை வைக்கும்போது ஒரு வருடம் மூத்த உடம்போடு மோத வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு தடவை, பதினொன்றாம் வகுப்பில் ஒரு தடவை கதவு திறக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் பெரும்பாலான பையன்களுக்கு வளர்ச்சி வேகம் முடிந்திருக்கும், அப்போது நடக்கிற போட்டி ஓரளவு நிஜமான போட்டி.

விடுதியில் சேர்ந்த பிறகும் ஒன்று கவனிக்க வேண்டும். சின்ன உடம்புப் பிள்ளைக்கும் பெரிய உடம்புப் பிள்ளைக்கும் ஒரே அளவு குதிப்பு, ஒரே அளவு ஓட்டம் என்றால், வளர்ச்சி வேகம் பிடிக்கிற மாதங்களில் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலி வரலாம். அப்போது குதிப்பதைக் குறைக்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும். பக்கத்தில் அம்மா இல்லாத பிள்ளை வலியைச் சொல்லாது, டீமை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயப்படும்.

நான்காவதாகச் சிலர் கேட்பது, ஒரு வருடம் அதே வகுப்பில் இருக்க வைத்தால் என்ன என்று. பள்ளிப் போட்டியில் பார்ப்பது பிறந்த தேதி, நீங்கள் வகுப்பை எத்தனை முறை திருப்பிப் படிக்க வைத்தாலும் அந்தத் தேதி நகராது. படிப்பில் ஒரு வருடம் போனதுதான் மிச்சம். தேதியையே திருத்திவிடலாம் என்று யாராவது காதில் ஓதினால் அந்த இடத்தை விட்டே எழுந்து வந்துவிடுங்கள். கிரிக்கெட்டில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள், பொய்த் தேதி பிடிபட்டால் இரண்டு வருடத் தடை என்று 2020இலேயே வாரியம் அறிவித்துவிட்டது. தண்டனையை விடுங்கள், இரண்டு வயது குறைத்துக் காட்டிய ஒருவன் டீமுக்குள் வந்தால் வெளியே போவது உங்கள் பிள்ளை மாதிரி ஒரு டிசம்பர் பிள்ளைதான்.

ஐந்தாவது வழியை பெற்றோர் தனியாகச் செய்ய முடியாது, பள்ளி பி.டி. சார் மனது வைக்க வேண்டும். இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப்புகளின் அகாடமிகள் 2015 வாக்கில் ஒரு முயற்சி செய்தன. பிறந்த வருடத்தைப் பார்க்காமல், ஒரு பிள்ளை தன் முழு உயரத்தில் எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறது என்று பார்த்து, 85 முதல் 90 சதவீதத்துக்குள் இருப்பவர்களை ஒன்றாக ஆடவிட்டார்கள். தாமதமாக வளர்கிற பையனுக்குப் பந்து கிடைத்தது. சீக்கிரம் வளர்ந்தவனால் உடம்பை வைத்து மட்டும் தப்பிக்க முடியவில்லை. அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை பள்ளி மைதானத்தில் இதற்கு மெஷின் எதுவும் தேவையில்லை. ஸ்டோர் ரூம் சுவரில் அளவு கோடு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிற்க வைத்து அளந்து ஒரு நோட்டில் எழுதினால் போதும். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் வேகம் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் வகுப்பைப் பார்க்காமல் ஆளின் அளவைப் பார்த்து டீம் பிரித்து ஆடவிடலாம்.

இன்னும் எளிதான ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. 2017இல் வந்த அந்த ஆய்வில், சின்னப் பையன்களின் கால்பந்து மேட்சைப் பார்த்துத் திறமையை வரிசைப்படுத்தச் சொன்னபோது தேர்வாளர்கள் வழக்கம்போல மூத்தவர்களையே மேலே வைத்தார்கள். பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தபோதும் அந்தச் சாய்வு போகவில்லை. ஜெர்ஸி எண்ணையே வயது வரிசைப்படி போட்டு, எண்ணைப் பார்த்தாலே யார் மூத்தவன், யார் இளையவன் என்று தெரிய வைத்ததும்தான் போனது. செலக்‌ஷன் அன்று பேப்பரில் எழுதி முதுகில் குத்துகிற நம்பரை, அகர வரிசைக்குப் பதிலாகப் பிறந்த தேதி வரிசையில் கொடுக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. உங்கள் பள்ளி சாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள், குறை சொல்கிற மாதிரி இல்லாமல் யோசனையாகச் சொன்னால் பல பேர் கேட்டுக்கொள்வார்கள்.

பொண்ணுங்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. பிறந்த மாதத்தின் தாக்கம் அவர்களிடம் குறைவாகத்தான் தெரிகிறது, ஆனால் இல்லாமல் இல்லை. வளர்ச்சி வேகம் பையன்களைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னாலேயே, 11, 12 வயதில் வந்துவிடும், அதனால் 14 வயதுப் பிரிவில் காட்டுகிற வித்தியாசம் பல பேருக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே சமன் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் பொண்ணைப் பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் பிறந்த மாதம் இல்லை, "வயசுக்கு வந்துட்டா, இனி எதுக்கு கிரவுண்டு" என்கிற வீட்டுப் பேச்சுதான். டிசம்பரில் பிறந்த பொண்ணுக்குக் காத்திருக்கிற வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பேச்சு வரும்போது கூட நிற்பதாக இப்போதே மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜனவரியில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பிரச்சினை நமக்கில்லை என்று நினைக்கலாம். 13 வயதில் மாவட்டத்துக்கே பெரிய ஆளாக நின்று, உடம்பால் மட்டும் ஜெயித்துப் பழகிய பையனுக்கு 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்து வந்து நிற்கும்போது கையில் வேறு வித்தை இருக்காது. அவனைத் தன் வயது டீமில் கோப்பை வாங்க வைத்துக்கொண்டே, பயிற்சியில் வாரத்தில் இரண்டு நாள் அடுத்த பிரிவுப் பெரிய பையன்களோடு ஆடவிடச் சொல்லிக் கேளுங்கள். தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், சாரிடம் போய் நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த இரண்டு நாளில் காலியாகிற அவன் இடத்தில் டிசம்பர் பையன் ஒருவன் முழு மேட்ச் ஆடுவான்.